18 வயதிலேயே பிரான்ஸுக்குப் பறக்கும் ஃபிஜி ரக்பி வீரர்கள்... காரணம் ஒரு விதி!

மக்கள்தொகை சுமார் 9 லட்சம்தான். ஆனால் ரக்பி என்று வந்துவிட்டால் ஃபிஜியை லேசாக எடைபோட முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில், அணிக்கு 7 பேர் ஆடும் ரக்பியில் தங்கம் வென்றது. அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். சந்தோஷத்தில் 7 டாலர் நோட்டையே அச்சடித்துவிட்டார்கள்! டோக்கியோவிலும் தங்கம். பாரிஸ் 2024-ல் வெள்ளி. இறுதிப் போட்டியில் பிரான்ஸிடம் தோல்வி.

அதே பிரான்ஸின் கிளப்களுக்குத்தான் பள்ளி முடித்த கையோடு ஃபிஜி இளைஞர்கள் பலர் விமானம் ஏறுகிறார்கள்.

(1903 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகளும் ஃபிஜியில் உண்டு. ஆனால் இந்திய வம்சாவளியினரிடம் கால்பந்துதான் பிரபலம். ரக்பி பெரும்பாலும் பூர்வகுடி மக்களின் ஆட்டம்.)

ஏன் பிரான்ஸ்?

முதல் காரணம் பணம். 'டாப் 14', அதற்கு அடுத்த 'ப்ரோ டி2' என இரண்டு லீக்குகளிலும் சேர்த்து 30 கிளப்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஃபிஜி குடும்பங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: ராணுவ வீரர்கள், நர்ஸ்கள் எனப் பலரும் அனுப்பிய தொகை 2022-ல் மட்டும் 100 கோடி ஃபிஜி டாலரைத் தாண்டியது. அதில் ரக்பி சம்பளமும் அடக்கம். பையன் கையெழுத்துப் போட்டால் வீடு மட்டுமல்ல, கிராமமும் சர்ச்சும்கூட அவனைத்தான் எதிர்பார்க்கும்.

சரி, 18 வயதிலேயே ஏன்?

இங்கேதான் 'ஜிஃப்' விதி வருகிறது. உள்நாட்டில் வளர்ந்த வீரர்களுக்கு வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2010-ல் கொண்டுவந்தது. களமிறங்கும் அணியில் பெரும்பகுதி 'ஜிஃப்' வீரர்களாக இருக்க வேண்டும். ஆனால் இந்த அந்தஸ்துக்கு பாஸ்போர்ட் தேவையில்லை! 21 வயதுக்குள் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் 3 சீசன் இருந்தால் போதும்.

கணக்கு சிம்பிள். 18-ல் வந்து சேரும் ஃபிஜி இளைஞர் 21-ல் 'உள்ளூர்' வீரர். 22-ல் வருபவர், எவ்வளவு நன்றாக ஆடினாலும், அந்தக் கணக்கில் சேரமாட்டார். பிரான்ஸ் பையன்களைக் காப்பாற்ற வந்த விதி, ஃபிஜி பையன்களை சீக்கிரமாகவே வீட்டை விட்டுக் கிளப்புகிறது.

ஃபிஜியில் பிறந்த நோவா நகைதாதி, அலிவெரெதி ராக்கா இருவரும் கிளெர்மோன் கிளப்பில் ஆடி, பிரான்ஸ் தேசிய அணிக்கே போனார்கள். இப்போது அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு நாட்டில் 3 ஆண்டு வசித்தால் போதும் என்றிருந்த உலக ரக்பி விதி 5 ஆண்டாகிவிட்டது.

கையெழுத்துக்கு முன்

பிரான்ஸ் சட்டப்படி ஏஜென்டுக்கு லைசென்ஸ் கட்டாயம். கமிஷன் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 18 வயது ஆகாதவரின் ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் காசே வாங்கக்கூடாது. கேட்டால், அங்கேயே உஷாராகிவிடலாம். பயிற்சி மையம் விளையாட்டோடு படிப்பு அல்லது தொழிற்பயிற்சியும் தர வேண்டும். காயத்தில் கேரியர் முடிந்துவிடும் ஆட்டம் இது. மொழி தெரியாத ஊரில் கையில் மிஞ்சப்போவது அந்தப் படிப்புதான்.

ஊரிலேயே இருந்தால்?

இப்போது வழி இருக்கிறது. 2022-ல் 'ஃபிஜியன் ட்ருவா' அணி சூப்பர் ரக்பி பசிபிக் தொடரில் சேர்ந்தது. 2023, 2024-ல் காலிறுதி வரை போனது. 2023 உலகக்கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என வீழ்த்திய ஃபிஜி அணியிலும் ட்ருவா வீரர்கள் இருந்தார்கள்.

ஆனால் ட்ருவாவில் ஆடி, பெயர் வாங்கி, 21 தாண்டிய பிறகு பிரான்ஸ் போனால் ஜிஃப் கதவு மூடியிருக்கும். கிளப்புக்கு ஒதுக்கிய சொற்ப வெளிநாட்டு இடங்களுக்காக நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா நட்சத்திரங்களோடு மோத வேண்டியதுதான்.