நேப்பிள்ஸ் நகரத்து வெள்ளைப் பொடி

1943 டிசம்பரில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் சோப்புக்குப் பஞ்சம். குண்டுவீச்சுக்குப் பயந்த குடும்பங்கள் நிலத்தடிப் புகலிடங்களில் நெருக்கியடித்துக் கிடந்தன. மாற்றுத் துணி கிடையாது. சீலைப்பேனுக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. துணியின் தையல் மடிப்புகளில் முட்டையிட்டுப் பெருகும் அந்தப் பேன்தான் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புகிறது என்பதை 1909இலேயே துனிஸ் நகரில் ஷார்ல் நிக்கோல் கண்டுபிடித்திருந்தார். (டைபாய்டு வேறு, இது வேறு.)

நகரத்தில் டைஃபஸ் பரவியதும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஃப்ரெட் சோப்பர் குழுவும் நேச நாட்டுப் படையினரும் பேன் கொல்லும் பொடியோடு களத்தில் இறங்கினார்கள். யாரையும் ஆடை களையச் சொல்லவில்லை. சட்டைக் கழுத்திலும் கைமுனையிலும் இடுப்பிலும் குழலைச் செருகி ஒரு அழுத்து, வேலை முடிந்தது. சில வாரங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் வெள்ளை பூசிக்கொண்டு வீடு திரும்பினார்கள். நடுக்குளிரிலேயே கொள்ளைநோய் அடங்கியது.

புகழ் முழுவதும் டி.டி.டி.க்குப் போனது. அதன் பூச்சிக்கொல்லிக் குணத்தைக் கண்ட பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. உண்மையில் முதல் வாரங்களில் தூவியது பெரும்பாலும் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம் கலந்த பொடி. ஜெயித்தவன் பெயரில்தானே கல்வெட்டு!

பிறகு டி.டி.டி.யை லட்சக்கணக்கான உடம்புகளில் கொட்டியும் உடனடியாகப் பெரிய விஷபாதிப்பு தெரியவில்லை. காரணம் டி.டி.டி. சாது என்பதல்ல, அது உலர்ந்த பொடியாக இருந்தது என்பதே. பத்து பங்கு பொடியில் ஒரு பங்குதான் மருந்து, மீதி டால்க். உலர்ந்த டி.டி.டி. தோல் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகும். அதையே எண்ணெயில் கரைத்தால் எளிதாக ஊடுருவும். வயலுக்கு வாங்கிய மருந்தை எண்ணெயில் குழைத்துக் குழந்தையின் தலையில் தேய்ப்பவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அந்த மருந்து பாரத்தியான் வகையாக இருந்தால் நரம்பையே தாக்கும். பேனுக்குப் பூசி உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

முதலில் கைவிட்டது பொடியின் பாதுகாப்பு அல்ல, அதன் வீரியம். 1950-51 குளிர்காலத்தில் கொரியப் போர்முனையில் வீரர்களின் பேன்கள் டி.டி.டி.க்கு அசையவில்லை. அளவு கணக்கில்லாமல் தூவியதற்குப் பேன் கொடுத்த பதில் அது. அடுத்து வந்தது லிண்டேன். பழைய தலைமுறை வீட்டு மூலைகளில் தூவிய கேமாக்சின் பொடிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் டி.டி.டி.யைவிட வேகமாகத் தோலுக்குள் இறங்கும். தலைப்பேனுக்கும் சிரங்குக்கும் லோஷனாகப் பூசியபோது சிலருக்கு வலிப்பு வந்தது. 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மீது அச்சிட வைத்தது. 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் லிண்டேனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், டி.டி.டி.யை அதற்கு வாய்ப்புள்ள பொருள் என்றும் வகைப்படுத்தியது. அபாயம் குறைந்த பொடியை வீணடித்துவிட்டு முரடனிடம் போய்ச் சேர்ந்த கதை இது.

பின்னாளில் அகதி முகாம்களுக்கு வந்தது 0.5 சதவீத பெர்மெத்ரின் பொடி. 1997இல் புருண்டியின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் டைஃபஸ் பரவியபோது பெரிதும் கைகொடுத்தது 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை, ஒரே வேளை. மாத்திரை கிருமியைக் கொல்லும், பேனை அல்ல. துணியை வெந்நீரில் போட்டே ஆக வேண்டும்.

வீட்டுத் தலைப்பேன் நமைச்சலைத் தருமே தவிர, டைஃபஸ் கொள்ளைநோய்க்கு அது காரணமல்ல. தலைப்பேனுக்கு ஈருளியும் பொறுமையும், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் பெர்மெத்ரின் லோஷனும் போதும். ‘இயற்கைதானே’ என்று சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. அந்தத் தூள் கண்ணில் விழுந்து கருவிழி புண்ணாகி வந்த நோயாளிகளைப் பற்றித் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.