பத்து வீதம்தானே என்று விட்ட பாடம்

நான் போன சிசிஎன்ஏ வகுப்பில் சப்நெற்றிங்குக்கு நாலு கிழமை போனது. ஓஎஸ்பிஎஃப்புக்கு மூன்று கிழமை. கடைசிப் பகுதியான ஓட்டோமேஷனுக்கு வரும்போது கடைசி ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. சேர் ஒரு அட்டவணையைத் திரையில் போட்டார். கிரியேற் என்றால் போஸ்ட், ரீட் என்றால் கெற், அப்டேற் என்றால் புட், டிலீற் என்றால் டிலீற். "இதைப் பாடமாக்குங்கோ. பத்து வீதம்தான். சோதினைக்கு இது காணும்." வகுப்பு முடிந்தது. வேறு இடங்களில் படித்த கூட்டாளிமாரைக் கேட்டால் அவர்களுக்கும் அதே அட்டவணை, அதே ஐந்து மணி.

சேர் கணக்கில் பிழை விடவில்லை. 2020 பெப்ரவரியில் வந்த 200-301 பாடத்திட்டத்தில் ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 வீதம், ஓட்டோமேஷனுக்கு 10 வீதம்தான். அந்தப் பகுதியைத் தொடாமலே பாஸ் பண்ணலாம், பண்ணினவர்கள் இருக்கிறார்கள். புலமைப்பரிசிலில் தொடங்கி ஏஎல் வரைக்கும் எங்களைப் பழக்கினது இந்தக் கணக்குத்தானே: எதை விட்டாலும் தப்பலாம், எது கட்டாயம் வரும், பாஸ்ட் பேப்பரில் எத்தனை தரம் வந்திருக்கு.

ஆனால் இந்தச் சோதினை இலவசம் இல்லை. கட்டணம் 300 டொலர். 2022 தொடக்கத்தில் அது கிட்டத்தட்ட 60,000 ரூபா. அதே வருசம் ரூபா விழுந்தபிறகு ஒரு லட்சத்துக்கு மேலே போனது. வீட்டில் நகை வைத்துக் கட்டின பிள்ளைகளைத் தெரியும். அந்தக் காசுக்குக் கிடைக்கிற சான்றிதழ் மூன்று வருசத்துக்குத்தான் செல்லும். மூன்று வருசத்துக்குப் பிறகும் கையில் நிற்கப்போவது எது என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்கிறதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அட்டவணை எனக்கு என்ன செய்தது என்று சொல்லுறன். பாஸ் பண்ணி ஒரு மாதத்துக்குப் பிறகு, வீட்டு லப்டொப்பில் இரண்டு மெய்நிகர் ரவுட்டர்களை ஓடவிட்டு ரெஸ்ட்கொன்ஃப் பழகினேன். ஒரு இன்டர்பேஸின் டிஸ்கிரிப்ஷனை மாற்ற வேண்டும். அப்டேற் என்றால் புட். பாடம்! இன்டர்பேஸின் பெயர், வகை, புது டிஸ்கிரிப்ஷன், இவ்வளவையும் ஜேசனில் எழுதி அனுப்பினேன். 204 என்று பதில் வந்தது, அதாவது வெற்றி. அடுத்த நிமிசம் ஓஎஸ்பிஎஃப் நெய்பர் விழுந்து போச்சு. பார்த்தால் இன்டர்பேஸில் ஐபி முகவரியே இல்லை.

புட் என்றால் திருத்துவது அல்ல, முழுதாகப் பிரதியிடுவது. நான் அனுப்பினதில் ஐபி முகவரி இல்லை, அதனால் ரவுட்டரிலும் இல்லாமல் போனது. உள்ளதை வைத்துக்கொண்டு கொடுத்ததை மட்டும் சேர்க்கப் பற்ச் என்று இன்னொன்று இருக்கு. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8040 இதைத் தெளிவாகச் சொல்லுது. எங்கட அட்டவணையில் பற்ச் என்ற சொல்லே இல்லை. என் லப்டொப்பில் நடந்தபடியால் சிரிக்கிறன். ஒரு ஆஸ்பத்திரியின் நெற்வேர்க்கில் நடந்திருந்தால்?

சிஸ்கோவையும் சும்மா விட ஏலாது. மற்றப் பகுதிகளில் கொன்ஃபிகர் பண்ணு, சரிபார் என்று கேட்கிற பாடத்திட்டம், இந்தப் பகுதியில் மட்டும் விளக்கு, ஒப்பிடு, விவரி, அடையாளம் காண் என்பதோடு நின்றுவிடுது. 2024 ஓகஸ்டில் வந்த 1.1 பதிப்பில் பப்பெற்றும் செஃபும் போய், அன்சிபிளோடு டெராஃபோம் வந்தது. முந்தின வருசம் பப்பெற், செஃப் அட்டவணையைப் பாடமாக்கினவருக்கு அது இப்ப வெறும் தாள். இப்படியான கருவி எதற்கு, எப்படி வேலை செய்யுது என்று விளங்கினவருக்குப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கு.

"கோடிங் சரிவராது எண்டுதானே மச்சான் நெற்வேர்க் பக்கம் வந்தனாங்கள்" என்று கனபேர் சொல்லுவினம். நாற்பது சுவிற்சில் ஒரே என்டிபி முகவரியை மாற்றச் சொன்னால் நாற்பது தரம் லொகின் பண்ணுவீர்களா? அதற்குத் தேவைப்படுகிற பைதன் ஒரு லூப், ஒரு கோரிக்கை, ஒரு சரிபார்ப்பு. ஏஎல் ஐசிரியில் இதைவிடக் கூட எழுதியிருக்கிறீர்கள்.

வசதியில்லை என்ற கதையும் சரியில்லை. எல்லாரும் வைத்திருக்கிற பக்கெற் ட்ரேசருக்குள்ளேயே நெற்வேர்க் கொன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி இருக்கு. ஒரு சதமும் வேண்டாம், ஒருக்கா இறக்கினால் பிறகு டேட்டாவும் பெரிதாக வேண்டாம். கருவிகளின் பட்டியலைக் கெற்றில் கேளுங்கோ. 401 என்று திருப்பி அனுப்பும், நீ யார் என்று தெரியாது என்று அர்த்தம். யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போஸ்டில் அனுப்பினால் 201 என்ற பதிலோடு ஒரு டிக்கெற் தரும். அதை எக்ஸ்-ஓத்-டோக்கன் என்ற ஹெடரில் வைத்துத் திரும்பக் கேட்டால் பட்டியல் வந்து விழும். டோக்கன் என்றால் என்ன, போஸ்ட் ஏன், ஜேசனில் எது கீ, எது வல்யூ என்பதெல்லாம் அந்த அரை மணித்தியாலத்துக்குள் இருக்கு. அந்தப் பதிலில் வருகிற ஆங்கிலம் எங்கட டியூட்டில் இருக்கிற ஆங்கிலத்தைவிடக் குறைவு.

பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று வகுப்புக்குக் கட்டுறவர்கள் முதல் நாளே கேளுங்கோ: "சேர், ஓட்டோமேஷன் பகுதிக்கு லாப் இருக்கோ?" இல்லை, சோதினைக்கு அது தேவையில்லை என்று சொன்னால், அதை ஏன் கட்டணத்தில் கழிக்கவில்லை என்றும் கேளுங்கோ.