ஸ்டார்ட் செய்பவர் தரவைப் பார்க்க வேண்டியதில்லை

மின்சாரம் போய் வந்தபின் சர்வர் எழுந்தும் டேட்டாபேஸ் எழாவிட்டால், தி.நகர் ஜவுளிக்கடையின் பில் கவுன்ட்டரிலும் அடையாறு மருத்துவமனையின் வரவேற்பிலும் கேட்பது ஒரே பதில்தான்: "சிஸ்டம் டவுன், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க." வரிசை நீளும்போது யாராவது ஒருவர் அதை ஸ்டார்ட் செய்தாக வேண்டும். அந்த அவசரத்துக்காகவே சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டையோ, டேட்டாபேஸின் பொதுக் கணக்கையோ நாலைந்து பேரிடம் சொல்லிவைக்கும் பழக்கம் இருக்கிறது. இது தேவையற்ற தாராளம். ஸ்டார்ட் செய்யும் உரிமையை அவரவர் பெயரில், அதற்கென்றே உள்ள குழுவில் சேர்த்துக் கொடுக்கலாம். தரவைப் பார்க்கும் உரிமை அதோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

லினக்ஸில் ஆரக்கிளை நிறுவும்போதே இதற்கு வழி இருக்கிறது. வழக்கமாக 'டிபிஏ' என்று பெயரிடப்படும் குழுவில் இருப்பவர், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இல்லாமலே முழு அதிகாரத்தோடு உள்ளே போகலாம். நோயாளியின் பரிசோதனை முடிவு, வாடிக்கையாளரின் பான் எண், ஊழியரின் சம்பளம் எல்லாமே அவர் கண்ணுக்குத் திறந்தவை. 'ஓப்பர்' என்ற இன்னொரு குழுவில் இருப்பவருக்கோ ஸ்டார்ட், ஷட்டவுன், சில பராமரிப்பு வேலைகள் மட்டும்தான். அட்டவணைகளுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஐபிஎம்மின் டிபி2-விலும் இப்படித் தனிக் குழு உண்டு. கபாலீஸ்வரர் கோயிலானாலும் சரி, தெருமுனைப் பிள்ளையார் கோயிலானாலும் சரி, காலையில் நடை திறப்பவர் என்பதற்காக உண்டியல் சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுவதில்லை. அதற்காக, குழு என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, பேக்கப் வசதிக்காகத் தரவுக் கோப்புகளைப் படிக்கும் அனுமதியைக் குழுவுக்குத் தர இடம் கொடுக்கிறது. அந்தக் குழுவில் ஆளைச் சேர்த்தால் அவரால் கோப்புகளைப் படிக்க முடியும், டேட்டாபேஸை எழுப்ப முடியாது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அங்கே, ரூட் பாஸ்வேர்டு தராமலே குறிப்பிட்ட கட்டளையை இயக்கவிடும் சூடோ வழியாக ஸ்டார்ட் கட்டளை ஒன்றை மட்டும் அனுமதிப்பதே சரி.

இரண்டே பேர் வேலை பார்க்கும் இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்பார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதும் வேலைதான். புதிய உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஷட்டவுன் உரிமை பெற்றவர் தீபாவளி வாரத்தில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டால்? நிறுத்தலாம்தான். ஆனால் அந்தச் சேதம் உடனே தெரியும், செய்தவர் பெயரும் பதிவாகும். தரவு சத்தமில்லாமல் நகலாவது அப்படியல்ல. ரூட் வைத்திருப்பவர் எந்தக் குழுவிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பது இவற்றில் வலுவான ஆட்சேபம். அதனால்தான் ரூட் ஓரிருவரைத் தாண்டக் கூடாது, சாஃப்ட்வேர் விற்ற நிறுவனத்தின் சப்போர்ட் ஆள் உட்பட.

2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள், அணுகல் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. ஐந்து பேர் ஒரே கணக்கில் நுழையும் இடத்தில் அந்தப் பதிவு யாரைக் காட்டும்? அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், பாஸ்வேர்டை மாற்றி மற்ற நால்வருக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே அது மாறாமல் கிடக்கும். குழுவாக இருந்தால் அவர் பெயரை மட்டும் நீக்கினால் போதும்.