எருக்கைப் பிடுங்காதீங்க

ஸ்ரீரங்கத்தில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பல ஏக்கர். வளவனூரில் நமக்கு அவ்வளவு இடமெல்லாம் வேணாம். ரோட்டோரம் தானா முளைக்கிற எருக்கு இருக்கே, வெந்தய வரியன் முட்டை போடுற செடி அது. ‘கிளீனிங்’னு இறங்கினா நாம முதல்ல பிடுங்குறதும் அதைத்தான்! அப்புறம் நர்சரியில் காசு கொடுத்துப் பூச்செடி வாங்கி நடுகிறோம். பூவில் தேன் கிடைக்கும், சரி. புழு எதைத் தின்னும்? கறிவேப்பிலை, எலுமிச்சை இலையைப் புழு கடிச்சா மருந்து அடிக்காம விடுங்க. நாளைக்குப் பறக்கப் போவுறது அதுதான்.

நடுற அன்னைக்கு போட்டோவுக்குக் கூட்டமா வர்றாங்க. மே மாசம், செமஸ்டர் லீவு, கொளுத்துற வெயில். தண்ணி ஊத்த யாரு? ஹாஸ்டல்காரங்க ஊருக்குப் போயிடுவாங்க. சுத்துவட்டார டே ஸ்காலர் நாலு பேர், வாரத்துக்கு ரெண்டு நாள்னு முறை போட்டு வந்தாலே செடி பிழைச்சிடும்.