காலாங்கிற்குப் பிறகு வரும் சுரங்கம்

மூன்று வாரங்களுக்கு முன்பு இப்பகுதியில் தூக்கமின்மை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "மாத்திரை சாப்பிட்டால் நோய் போகும், சரி. பேசினால் எப்படிப் போகும்? பேசுவதற்கு நம் வீட்டில் ஆள் இல்லையா?"

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நானும் இதையேதான் கேட்டேன். இதுவரை இங்கே எழுதாத ஒன்றை இன்று எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை. தெம்பனிசிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு வழக்கம்போல் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும். காலாங் வரை வெளிச்சத்தில், உயரத்தில் ஓடும் ரயில், அதன் பிறகு லவெண்டரை நோக்கிச் சுரங்கத்துக்குள் இறங்கும். அன்று இருட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. லவெண்டரில் இறங்கி, இருக்கையில் உட்கார்ந்து மனைவியை அழைத்தேன். "நெஞ்சை அடைக்குது" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் அதே சுரங்கத்தில் இன்னும் மூன்று முறை அப்படியே வந்தது.

மாமா, "வாயுத் தொல்லைதான், பூண்டைச் சுட்டுச் சாப்பிடு" என்றார். அம்மா சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நான் ரயிலையே விட்டுவிட்டேன். இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போனேன். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், ஓர் ஆஸ்பிரின் அட்டை. பேருந்தில்கூடக் கதவுக்குப் பக்கத்து இருக்கைதான்.

அந்த ஆண்டு எஸ்பிளனேடில் மகளின் நடன நிகழ்ச்சி. குடும்பம் ரயிலில் போனது. வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு நான் பேருந்தில் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவள் ஆடி முடித்து, அலங்காரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லப்பா" என்றாள். மறுநாள் காலை பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த மருத்துவர் ஒரு மனோவியல் நிபுணரிடம் அனுப்பிவைத்தார்.

என்னைவிடப் பத்து வயதாவது இளைய சீனப் பெண்மணி அவர். சாய்வு நாற்காலியில் படுக்கச் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமையை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு தாளில் வட்டம் வரைந்தார். நெஞ்சு சற்று வேகமாகத் துடிக்கிறது. 'மாரடைப்பு' என்று மனம் முடிவுகட்டுகிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு இன்னும் வேகமாகத் துடிக்கிறது. 'பார்த்தாயா, மாரடைப்பேதான்' என்கிறது மனம். இப்படியே சுற்றிக்கொண்டு போகும். பயத்தில் மூச்சை வேகவேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான்.

இதற்குப் பேனிக் நோய் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில், மனச்சோர்வு நோயாளிகளின் மனத்தில் சட்டென்று வந்துபோகும் எண்ணங்களைக் கவனித்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதன் வழியில் வந்த பிரிட்டனின் டேவிட் கிளார்க், இந்தப் பேனிக் வட்டத்தை 1986இல் விளக்கி எழுதினார். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் இந்தச் சிகிச்சையை சிபிடி என்று சொல்கிறார்கள்.

இரண்டாவது சந்திப்பில் அவர் கேட்டார்: "அந்த நொடியில் மனத்துக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்? ஆங்கிலத்தில் வேண்டாம். உங்கள் மொழியில் சொல்லுங்கள்."

"நெஞ்சை அடைக்குது" என்றேன். சொன்னதும் என்னால் மேலே பேச முடியவில்லை.

என் அப்பா 46 வயதில் இறந்தார். எனக்கு அப்போது 12 வயது. காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் உட்கார்ந்து சொன்ன கடைசி வார்த்தை அதுதான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2019இல் எனக்கு வயது 46. மற்றவர்களுக்கு அது வெறும் படபடப்பாக இருந்திருக்கும். எனக்கு அது அப்பாவின் முடிவாகத் தெரிந்தது.

காரணம் தெரிந்ததோடு பயம் போய்விடவில்லை. வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சுழல் நாற்காலியில் வேகமாகச் சுற்றவிட்டார், தலை சுற்றட்டும் என்று. மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொன்னார். எங்கள் புளோக் படிகளில் ஓடி ஏறச் சொன்னார். நான் அஞ்சிய உணர்வுகளையெல்லாம் நானே வரவழைத்து, அவற்றால் சாவதில்லை என்று உடம்பால் கற்றுக்கொண்டேன். அடுத்து ரயில். முதலில் அல்ஜுனிட்டிலிருந்து காலாங் வரை. பிறகு சுரங்கத்துக்குள் ஒரே ஒரு நிலையம். தண்ணீர் பாட்டில் கூடாது, ஆஸ்பிரின் கூடாது, பாதியில் இறங்கக் கூடாது. பயம் ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதைப் பார்ப்பதற்கு முன் நான்தான் ஒவ்வொரு முறையும் இறங்கிவிட்டிருந்தேன். 12 சந்திப்புகள், நான்கு மாதங்கள். வீட்டுப்பாடம் இல்லாத வாரமே இல்லை.

வாசகருக்குப் பதில் இதுதான். வீட்டில் பேசினால் ஆறுதல் கிடைக்கும், அதுவும் வேண்டும். ஆனால் வீட்டார் அன்பினால் "பயப்படாதே" என்பார்கள். நிபுணரோ என்னைத் திட்டம் போட்டுப் பயப்பட வைத்தார். அது அன்பால் மட்டும் முடிகிற வேலையன்று, பயிற்சி வேண்டும். பேச்சு எல்லாவற்றுக்கும் போதும் என்றும் சொல்லமாட்டேன். கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவற்றுக்கு மருந்து மிக முக்கியம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். இன்னொன்று: நெஞ்சு வலித்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு "வெறும் பேனிக்தான்" என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

சிகிச்சை முடிந்தபின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "உங்கப்பா போனப்புறம் ரெண்டு வருஷம் எனக்கும் ராத்திரியில இப்படித்தான் வரும் தம்பி. எந்திரிச்சு உக்காந்துக்குவேன். மூணு பிள்ளைய வச்சுக்கிட்டு நான் யாருகிட்ட சொல்றது?" என்றார். அத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருந்தால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரை பெற்றுப் போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம்தான். யாரிடம் தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1771 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இப்போதும் சில காலைகளில் காலாங் தாண்டியதும் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். ராஃபிள்ஸ் பிளேசில்தான் இறங்குகிறேன்.