செருப்பை எடுத்துக் கொடுப்பது யார்?

ஒரு திரைப்படம் வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அதைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் ஓயவில்லையெனின், அதில் மக்கள் மனத்தைத் தொட்ட ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'மை ஃபெயார் லேடி' அத்தகையதொரு படம். பேர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவி அலன் ஜே லேணர் உரையாடலும் பாடலும் எழுத, பிரெடெரிக் லோ இசையமைக்க, 1956ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி நியூயோர்க்கில் மேடையேறிய இசை நாடகமே பின்னர் இப்படமாயிற்று. அந்நாடகம் அங்கு 2,717 தடவை ஆடப்பட்டு அக்காலத்துச் சாதனையாயிற்று. வோணர் சகோதரர் நிறுவனம் 55 இலட்சம் டொலர் கொடுத்து அதன் படவுரிமையை வாங்கி, ஏறத்தாழ 170 இலட்சம் டொலர் செலவில் படமாக்கிற்று. எட்டு ஒஸ்கார் விருதுகளும் கிடைத்தன.

அண்மையில் ஆசிரிய நண்பர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலருமாகக் கூடியிருந்து இப்படத்தைப் பார்த்தோம். படம் முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் காரசாரமான விவாதம் நடந்தது. எதைப் பற்றி? எலைசாவாக நடித்திருக்க வேண்டியவர் மேடையில் அப்பாத்திரமாகப் புகழ்பெற்ற யூலி அன்ட்ரூசா, படத்தில் நடித்த ஒட்றி ஹெப்பேணா என்பது பற்றி. இரவற் குரலில் வாயசைத்த நடிகைக்குப் புகழ் தகுமா என்பது பற்றி. குதிரைப் பந்தயக் காட்சியின் ஆடைகளைப் பற்றி. படம் மூன்று மணி நேரம் நீண்டது பற்றி. இவை நம் நண்பர்களின் கருத்துக்கள் மாத்திரமல்ல. இப்படம் பேசப்படும் இடமெங்கும் இவையே பேசப்படுகின்றன.

எல்லாரும் எழுந்து புறப்படும் வேளையில், அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அவ ஏன் திரும்பி வந்தவ?"

அந்த வினாவுக்கு நம்முள் எவரும் மறுமொழி கூறவில்லை. கூறாமற் போனதன் காரணத்தைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலிலே குரல் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். இரசிகர்கள் இதனை இரண்டு நடிகைகளின் போட்டியாகவே காண்கின்றனர். அன்ட்ரூசுக்கு அநீதி இழைக்கப்பட்டதாம்; அவ்வாண்டே 'மேரி பொப்பின்ஸ்' படத்துக்காக அவர் ஒஸ்கார் பெற, ஹெப்பேணின் பெயர் போட்டிக்கே முன்மொழியப்படாதது அதற்குப் பழிவாங்கலாம்! இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். ஆனால் இந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? அதுவரை திரையிலே தோன்றாத ஒரு மேடை நடிகையை நம்பிப் பல இலட்சம் டொலரை இறக்க முடியாது என்று முடிவு செய்தவர் தயாரிப்பாளர் ஜாக் வோணர். முதலுக்கு வட்டி தேடும் கணக்கு அது. கலைத் திறமை அங்கே எடைக்கல்லாக வைக்கப்படவில்லை. இரசிகரோ கணக்கெழுதியவரை விட்டுவிட்டுக் கணக்கிலே எழுதப்பட்ட இருவரை ஏசிக்கொண்டிருக்கின்றனர்.

மூன்றாவது பெண் ஒருத்தியும் இருந்தாள். ஹெப்பேண் தம் குரலிலேயே பாடல்களைப் பதிவு செய்திருந்தார். அவற்றிற் பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டு மாணி நிக்சன் என்னும் பாடகியின் குரலை இட்டனர். 'த கிங் அன்ட் ஐ', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' ஆகிய படங்களிலும் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர் அவரே. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. உழைப்பு இருந்தது, உழைத்தவளின் பெயர் இல்லை. 'இரவற் குரல்' என்று ஏளனம் செய்யும் இரசிகர், அந்தக் குரலுக்கு உரியவளும் தொழிலாளியே என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பேராசிரியர் ஹிக்கின்சாக நடித்த றெக்ஸ் ஹரிசன் பாடகர் அல்லர். பாட்டைப் பேச்சாகவே சொல்லிச் செல்பவர். முன்கூட்டிப் பதிந்த பாட்டுக்கு வாயசைக்க அவருக்கு இயலவில்லை. ஆகவே அவருடைய கழுத்துப்பட்டியினுள் கம்பியில்லா ஒலிவாங்கியை மறைத்து வைத்து, நடிக்கும்போதே அவர் குரலைப் பதிவு செய்தனர். பாடத் தெரியாத ஆணின் குரலைக் காப்பாற்ற ஒரு புதிய பொறியே அமைக்கப்பட்டது. பாடிக் கொடுத்த பெண்ணின் குரலோ வெட்டியெறியப்பட்டது. ஏழைப் பெண்ணின் குரலைப் பறித்துத் தன் குரலை அவள் வாயில் வைக்கும் ஓர் ஆணைப் பற்றிய கதையை எடுத்தவர்கள் செய்த வேலை இது! கதை திரையினுள்ளே மட்டும் நடக்கவில்லை.

அடுத்து, ஆடை அணிகள். செசில் பீற்றன் வடிவமைத்த கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமான அந்தப் பந்தயக் காட்சி கண்ணைப் பறிப்பது உண்மை, மறுக்கோம். ஆனால் எலைசா பூ விற்கும் கொவென்ற் கார்டின் சந்தையும் கலிபோர்னியாவின் படமனைக்குள்ளே கட்டப்பட்டது. அங்கே அழுக்கும் ஒப்பனை, குளிரும் ஒப்பனை. ஷா இந்நாடகத்தை எழுதியது 1912ஆம் ஆண்டில். அதே ஆண்டில் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர். இலண்டன் துறைமுகத் தொழிலாளரும் போராடினர். பெண்கள் வாக்குரிமை கேட்டுச் சிறை சென்றனர். அந்த இலண்டனின் வறுமை இப்படத்தில் ஒரு வண்ணப் பின்னணியாகிவிட்டது.

எலைசாவின் தந்தை டூலிற்றிலைப் பாருங்கள். குப்பை அள்ளும் தொழிலாளி. மகளை ஐந்து பவுணுக்கு விட்டுக்கொடுப்பவன். நன்னடத்தைக்குப் பரிசாகத்தான் ஏழைக்கு உதவி கிடைக்குமென்றால், அந்நன்னடத்தை இல்லாத ஏழைக்குப் பசி இல்லையா என்று அவன் கேட்கிறான். ஷாவின் எழுத்திலே அது நடுத்தர வர்க்கத்து அறத்தின் கன்னத்தில் விழுந்த அறை. படத்திலே அவனுக்கு இரண்டு குதூகலப் பாட்டுக்கள் கிடைத்துள்ளன. இரசிகர் கை தட்டுகின்றனர். அந்தக் கைதட்டலின் ஓசையில், ஒரு மகள் விலைபோன செய்தி அமுங்கிப் போகிறது.

இப்போது முடிவுக்கு வருவோம். மாணவி கேட்ட வினா அதுதான்.

ஷாவின் நாடக முடிவில், தனக்குக் கையுறையும் கழுத்துப்பட்டியும் வாங்கி வரும்படி ஹிக்கின்ஸ் கட்டளையிடுகிறார். எலைசாவோ அதை உதறிவிட்டு வெளியேறுகிறாள். இம்முடிவைப் பொறுக்க மாட்டாதவர்கள் தொடக்கம் முதலே இருந்தனர். 1914ஆம் ஆண்டில் இலண்டனில் ஹிக்கின்சாக நடித்த பீர்போம் றீ, திரை விழுமுன் எலைசாவை நோக்கி மலர்களை வீசிக் காதற் சாயல் ஏற்றினார். சினமுற்ற ஷா, 1916ஆம் ஆண்டில் ஒரு பின்னுரை எழுதி, எலைசா மணந்தது பிரெடியையே அன்றி ஹிக்கின்சை அன்று என்று ஐயந்திரிபற அறிவித்தார். ஆயினும் 1938ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவள் திரும்பி வந்தாள். ஷா 1950ஆம் ஆண்டில் மறைந்தார். இசை நாடகத்தின் நூற்பதிப்பிலே லேணர், ஷா சொன்னது சரிதானா என்று தமக்கு உறுதியில்லை எனக் கூறி அந்தப் பின்னுரையைத் தவிர்த்துவிட்டார். 1964ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில் எலைசா மெல்ல உள்ளே வருகிறாள். ஹிக்கின்ஸ் தொப்பியை முகத்திற் சரித்துக்கொண்டு செருப்பு எங்கே என்று கேட்கிறார். திரை விழுகிறது.

எந்தச் செருப்பு? தன் வெற்றியைத் தானே கொண்டாடிக்கொண்டு, உழைத்தவளை ஏறெடுத்தும் பாராத ஹிக்கின்சின் மீது, முன்னொரு காட்சியில் அவள் விட்டெறிந்த அதே செருப்புத்தான். எறிந்த செருப்பை எடுத்துக் கொடுக்க அவளே வந்து நிற்பதை இனிய காதல் என்கின்றனர் ஒரு சாரார்.

இவர்களுக்கு எதிராக இன்று வேறொரு சாரார் தோன்றியுள்ளனர். ஹிக்கின்ஸ் பெண்ணை வெறுப்பவன். ஆகவே படத்தையே தூக்கி எறியுங்கள் என்பது அவர்கள் கட்சி. இவர்களின் சினம் நமக்கு விளங்குகிறது, முடிவு உடன்பாடன்று. ஒரு கொடுமையைக் காட்டுவதும் அதைப் போற்றுவதும் ஒன்றல்ல. மேலும் சிக்கலை ஒரு மனிதனின் கெட்ட குணமாகச் சுருக்கிவிட்டால், அவன் நல்லவனாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றாகிவிடும். கேணல் பிக்கரிங் நல்லவர்தாமே? முதல் நாளிலிருந்தே எலைசாவை மரியாதையோடு நடத்தியவர் அவர். ஆயினும், பரிசோதனை முடிந்த பின் அவள் எங்கே போவாள், எதை உண்பாள் என்று அவரும் எண்ணவில்லை.

இங்கேதான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. எலைசாவின் பேச்சு மாறிற்று, உடைமை மாறவில்லை. முன்பு அவள் பூ விற்றாள், தன்னை விற்கவில்லை. சீமாட்டியாக்கப்பட்ட பின்னரோ, தன்னையன்றி விற்பதற்கு வேறொன்றும் இல்லாத நிலைக்கு வந்துவிட்டதாக அவளே கூறுகிறாள். உச்சரிப்பைத் திருத்தினால் உயர்ந்துவிடலாம் என்னும் பொய்யை இதைவிட எளிமையாக எவர் உடைத்துள்ளார்?

அவள் அதோடு நிற்கவில்லை. நீ எனக்குத் தந்த அறிவை நான் பிறருக்குக் கற்பிப்பேன் என்கிறாள். ஹிக்கின்ஸ் கொதித்தெழுவது அப்போதுதான். அவள் அழுதபோது அவருக்குச் சலிப்பு. அவள் போகிறேன் என்றபோது ஏளனம். கற்பிப்பேன் என்றபோதோ அச்சம்! தம் தனியுடைமை என்று எண்ணியிருந்த அறிவு இப்போது அவள் கையிலும் கருவியாகிவிட்டதை அவர் உணர்கிறார். இக்காட்சி படத்திலும் இருக்கிறது. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் அவளைத் திரும்ப அழைத்து வந்து, கருவியைக் கையிலிருந்து பறித்துச் செருப்பைக் கொடுக்கிறது படம்.

'பாட்டையும் கூத்தையும் அனுபவிக்க வேண்டிய இடத்தில் வர்க்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?' என்று அழகியல் நண்பர் ஒருவர் அன்று கேட்டார். இழுத்து வந்தவர் நாமல்லர், நண்பரே! தம் நாடகம் போதனை செய்யவே எழுதப்பட்டது என்றும், கலை போதிக்கலாகாது என்போருக்கு அதன் வெற்றியே மறுமொழி என்றும் முன்னுரையில் எழுதியவர் ஷா. 1884ஆம் ஆண்டு முதல் சமவுடைமை பேசி வந்தவர் அவர். வர்க்கத்தை நீக்கிவிட்டால் இக்கதையில் எஞ்சுவது ஓர் உச்சரிப்புப் பயிற்சி மட்டுமே.

இவ்வளவும் எழுதிய நாம், நம் வகுப்பறைக்குள் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? 1960களின் முற்பகுதியில் நம் நாட்டு முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, அதனை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தனர். அப்பண்டிதரை இன்றும் நாம் கண்டிக்கிறோம். மாணவருக்கும் அவ்வரலாற்றைக் கற்பிக்கிறோம். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், தன் தந்தையின் தொழிலைப் பற்றி எழுந்து பேசிய ஒரு மாணவனை, அவன் வாயிலிருந்து வீட்டுச் சொல் வந்தபோதெல்லாம் நாம் திருத்தினோம். மூன்று முறை திருத்தினோம். நான்காம் முறை திருத்த வேண்டியிருக்கவில்லை, அவன் உட்கார்ந்துவிட்டான். அத்தவணை முழுவதும் அவன் வகுப்பிலே பேசவில்லை. அன்று நாம் நல்ல தமிழைக் காப்பாற்றியதாகவே எண்ணினோம். ஹிக்கின்சும் அவ்வாறுதான் எண்ணினார்.

செந்தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எலைசாவும் அந்த அறிவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். கொடுக்கும்போது, வைத்திருந்ததைப் பறித்துக்கொண்டு கொடுக்கிறோமா, வைத்திருந்ததோடு சேர்த்துக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. வீட்டுச் சொல்லுக்காக வெட்கப்படக் கற்ற பிள்ளை, அடுத்து வீட்டுக்காகவே வெட்கப்படக் கற்றுக்கொள்ளும்.

அந்த மாணவிக்கு நாம் சொல்ல வேண்டிய மறுமொழி இதுதான்: அவள் திரும்பி வரவில்லை, தங்கையே, அவளைத் திருப்பி அழைத்து வந்தார்கள். அவள் போய்விட்டால் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் எழுந்து தம் செருப்பைத் தாமே தேட வேண்டிவரும். அரங்கிலே விலையுயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பவருக்கு அக்காட்சி இனிப்பதில்லை. ஆயினும் முடிவுகள் மாற்றவொண்ணாதவை அல்ல. 2018ஆம் ஆண்டில் நியூயோர்க் லிங்கன் சென்ரரில் இதே இசை நாடகம் மீண்டும் மேடையேறியபோது, உரையாடலைப் பெரிதும் மாற்றாமலே, எலைசா ஹிக்கின்சை விட்டு மேடையினின்று இறங்கிப் பார்வையாளர் நடுவே நடந்து வெளியேறினாள். நூறாண்டுக்கு முன் ஷா திறந்து வைத்த கதவு அது. இடையில் வந்தவர்கள் சாத்தினார்கள். பின் வந்தவர்கள் திறந்தார்கள்.

இரசிகர்களே, படத்தைப் பாருங்கள்; பாட்டையும் கேளுங்கள். குரல் யாருடையது என்று வாதாடவும் செய்யுங்கள். ஆனால் அந்த வாதத்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். குரல் யாருடையது, கூலி யாருக்கு, பெயர் யாருக்கு, முடிவு யாருக்காக என்று இறுதிவரை கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே, நாளைக் காலை வகுப்பிலே ஒரு பிள்ளை தன் வீட்டு மொழியில் பேசத் தொடங்கினால், திருத்தும் கோலைச் சற்றுக் கீழே வையுங்கள். முதலில் அந்தப் பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும்.