பூனைக்கு மூக்கில் ரத்தம் வந்தால்...

பூனை மூக்கில் ரத்தம் சொட்டினால் பல வீடுகளில் உடனே கைவைத்தியம்தான். மஞ்சள் தூளை அப்புவார்கள், பஞ்சைத் திணிப்பார்கள். ரெண்டுமே தப்புங்க. பூனை தும்மும், ரத்தம் இன்னும் கூடும். இதைவிட மோசம் பாராசிட்டமால்! பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது; ஒரே மாத்திரை உயிரை வாங்கிவிடக்கூடும்.

கூடையில் அமைதியாக உட்காரவைத்து, துணியில் சுற்றிய ஐஸை மூக்குத்தண்டின் மேல் லேசாக ஒற்றினால் போதும். அப்புறம் நேரே கால்நடை டாக்டர். (சென்னைக்காரர்களுக்கு 1903-லிருந்து வேப்பேரி இருக்கிறது.)

அடிபட்டிருக்கலாம், கட்டியாக இருக்கலாம். ஆனால் வெளியே சுற்றும் பூனை என்றால் முதல் சந்தேகம் எலி மருந்து மேல் வர வேண்டும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான். புரோமாடியோலோன் மாதிரி விஷம் வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுத்து ரத்தத்தை உறையவிடாது. அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். சீக்கிரம் தெரிந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

அதனால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டே ஆக வேண்டும், அதுவும் கோபப்படாமல். அதட்டிக் கேட்டால் "நாங்க எதுவும் வைக்கலையே" என்றுதான் பதில் வரும். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். டாக்டருக்கு இப்போது வேண்டியது அந்த எலி மருந்து பாக்கெட்.